மாப்பிள்ளை துளுக்கிய மத்தியானம்

காங்கயத்துக்கு இந்தப் பக்கம், பைபாஸ் ஓரத்தில், பந்தல் போட்டு வாழைமரம் கட்டி மைக்செட் அலற அலறத் திறந்த செங்கனல் பார்பிக்யூ கடையில், முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆட்டுக்கறி வேகவில்லை. கோழி வெந்தது, மீன் வெந்தது, பனீரும் அன்னாசித் துண்டும்கூடச் சொன்ன பேச்சைக் கேட்டுச் சிவந்து வந்தன, ஆனால் ஒவ்வொரு மேஜைக்கும் நடுவில் குழி வெட்டிப் பதித்திருந்த கரி அடுப்பின் மேலே, கம்பியில் கோத்து வரிசையாக அடுக்கியிருந்த ஆட்டுக்கறி மட்டும், வைத்தது வைத்தபடி, பச்சையாக, ஈரமாக, தொட்டால் சில்லென்று இருந்தது. விசிறிப் பார்த்தார்கள், கரியை மாற்றிப் பார்த்தார்கள், சமையல்கட்டில் கேஸ் அடுப்பைப் பெரிதாக்கி வாணலியில் போட்டும் பார்த்தார்கள், கறிக்குத் தடவிய மசாலா கருகிப் புகைந்ததே தவிர கறி அசைந்து கொடுக்கவில்லை. கடைக்காரர் பிரகதீஷ் டை கட்டிய சட்டையோடு மேஜை மேஜையாகப் போய், "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க, ஒரே அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஜனங்கள் கோழியைத் தின்றுகொண்டே பொறுத்தார்கள்.

ஜன்னலோரத்துப் பெரிய மேஜையில் நாச்சிமுத்துவின் குடும்பம் உட்கார்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் மில்லும் கொப்பரை காய வைக்கிற களமும் உள்ள மனிதர், நாலு பேர் இருக்கிற இடத்தில் குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாத மனிதர். அவருக்கு ஒரே மகள் சுகந்தி. அந்த மகளைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளைதான் குழந்தைவேலு. கொங்கு நாட்டில் மாப்பிள்ளையை யாரும் மரியாதைக் குறைவாகக் கூப்பிட மாட்டார்கள், வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையையும் அப்படித்தான், என்ன ஒன்று, பேச்சின் வாலில் மரியாதைக்கு வருகிற அந்த 'ங்க'வுக்குப் பின்னால் ஒரு வேலை ஒட்டிக்கொண்டிருக்கும். "மாப்ளே, காரை நெழல்ல நிறுத்திட்டு வந்துருங்க." "மாப்ளே, என்ற செருப்ப அந்தால எடுத்து வெய்யிங்க." "மாப்ளே, பாப்பா கையைக் கழுவி உட்டுட்டு வந்து அப்பறமா உக்காருங்க." எல்லாவற்றுக்கும் குழந்தைவேலு சொல்லுகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "ஆகட்டுங்க." கல்யாணத்துக்கு முன்னால் அவன் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே மறந்துபோயிருந்தது. சதைப்பிடிப்பான ஆள், நல்ல தோள், மகள் வருணிகாவை அந்தத் தோளில் ஏற்றிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடுகிற அரைமணி நேரம்தான் ஒரு நாளில் அவனுக்கென்று இருந்தது. அவளுக்கு ஐந்து வயது, வானத்தைத் தொட்டுவிட்டேன் என்று மேலேயிருந்து கத்துவாள்.

பக்கத்து மேஜையில் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பெருத்த அம்மாள், வாய் நிறைய அன்னாசியோடு, "ஏனுங், ஆட்டுக்குத் துளுக்குக் கேட்டீங்களா?" என்றாள். தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரகதீஷ், "கடைக் கறிக்கு யாருங்க துளுக்குக் கேக்கறாங்க" என்றார், ஆனால் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிப்போய்விட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் கிடாய் வெட்டுகிறவர்கள் நேரே போய் அரிவாளை ஓங்கிவிடுவதில்லை. மஞ்சள் தண்ணியை அதன் பிடரியில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், ஆடு தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது, அதுதான் துளுக்கு. துளுக்காவிட்டால் பொழுது சாய்கிற மட்டும் நிற்க வேண்டியதுதான், கெஞ்ச வேண்டியதுதான், யாருக்கு யார் என்ன குத்தம் செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். ஈரம் பட்டால் எந்த உயிரும் உதறத்தானே செய்யும் என்று படித்தவன் சொல்லுவான், சொல்லட்டும், அவனும் கிடாய் துளுக்கின பிறகுதான் இலைக்கு முன்னால் உட்காருவான்.

அப்புறமென்ன, கடைக்குப் பின்னால் மறுநாளுக்கென்று கட்டிப்போட்டிருந்த ஆடுகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து முன்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு இழுத்து வந்தார்கள். இந்த ஆடு துளுக்கினால் இதன் கூட்டாளிகளான கம்பியில் இருக்கிற ஆடுகளும் மனம் இறங்கிவிடும் என்று பொள்ளாச்சி அம்மாள் சொன்னாள், பசியில் இருந்த எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினார்கள். ஆடு நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். ஆடு அசைபோட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தண்ணியைக் கொண்டுவந்து பிடரியில் கவிழ்த்தார்கள், தண்ணி சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அது பைபாஸில் போகிற லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. "மாப்ளே, கயித்தச் சித்தே நீங்க புடிங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆகட்டுங்க" என்று குழந்தைவேலு குனிந்து கயிற்றைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்துப் பிரகதீஷ் பொறுமை இழந்து ஒரு குடத்தையே தூக்கி வீசிவிட்டார், ஆடு விலகிக்கொண்டது, ஐஸ் தண்ணி முழுக்கக் குழந்தைவேலுவின் பிடரியில் விழுந்து காலருக்குள் இறங்கி முதுகுத்தண்டு நெடுக ஓடியது, அவன் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரைக்கும் ஒரு உதறு உதறினான்.

கடைக்குள்ளே அத்தனை மேஜையிலும் ஒரே நேரத்தில் கறி பொரிகிற சத்தம் கேட்டது.

யாரும் கையெடுத்துக் கும்பிடவில்லை, யாரும் வாயைப் பிளக்கவில்லை, பசித்தவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது. "வெந்துருச்சுங்க" என்று பொள்ளாச்சி அம்மாள் உள்ளே ஓடினாள், எல்லாரும் அவள் பின்னால் ஓடினார்கள். கொழுப்பு உருகிக் கரியில் சொட்ட, வாசனை பைபாஸைத் தாண்டிப் போக, அப்படி ஒரு கறியை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் தின்றதில்லை என்று அன்றைக்குத் தின்ற எல்லாரும் சத்தியம் செய்வார்கள். ஈரச் சட்டையோடு வந்து ஓரத்தில் நின்ற குழந்தைவேலுவைக் கையைப் பிடித்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார் நாச்சிமுத்து. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் கையால் மாப்பிள்ளை தட்டில் ஒரு கம்பிக் கறியை உருவிப் போட்டார். சுகந்தி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். கூச்சமும் பெருமையுமாக, கண் கலங்க, அவன் தின்றான், கேட்டு வாங்கித் தின்றான், அன்றைக்கு அந்தக் கடையிலேயே அதிகமாகத் தின்றவன் அவன்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றும்போதுதான் பார்த்தான், வலது தொடையில் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சதையைக் காணோம். காயம் இல்லை, ரத்தம் இல்லை, வலியும் இல்லை, கரண்டியால் வழித்து எடுத்த இடத்தில் தோல் மூடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மத்தியானம் மாமனார் போட்ட கறியின் ருசியை நினைத்துப் பார்த்தான், எழுந்து போய் வாயைக் கொப்பளித்தான், இன்னொரு தரமும் கொப்பளித்தான்.

சுகந்தியிடம் காட்டினான். அவள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "எடை கொறஞ்சா நல்லதுதானுங்க, எங்கப்பனாட்டச் சர்க்கரை வராது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கறி வேகவில்லை. பிரகதீஷ் ஊர் ஊராகப் போய் வேறு வேறு சந்தையில் வாங்கி வந்த ஆடுகள் ஒன்றும் துளுக்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டான் என்று ஆடுகளுக்குத் தெரிந்துபோய்விட்டது போலிருக்கிறது. பிரகதீஷ் தன் பிடரியிலேயே தண்ணி ஊற்றிக்கொண்டு உதறிப் பார்த்தார், கம்பி கோக்கிற வடக்கத்திக்காரர்களுக்கு ஊற்றிப் பார்த்தார், காசு வாங்கிக்கொண்டு உதறுவதற்கென்று ஒரு கூத்துக்காரரைக் கூட்டிவந்து உதற வைத்தும் பார்த்தார், அவர் உதறின உதறில் விக் கழன்று விழுந்ததே தவிரக் கறி சில்லென்றே கிடந்தது. கடைசியில் காரை எடுத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் வீட்டுக்கு வந்து, வெற்றிலைத் தட்டு வைத்து, "மாப்பிள்ளைங்க வந்தாத்தான் ஆகும்" என்றார். தன் வீட்டு மாப்பிள்ளை இல்லாமல் ஒரு காரியம் ஆகாது என்று இன்னொருத்தர் வந்து சொல்லுவதைக் கேட்க நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்துபோய்விட்டது. "மாப்ளே, போயிட்டு வந்துரலாங்களா" என்றார். குழந்தைவேலுவின் கை தானாகத் தொடைக்குப் போனது. தொடையைப் பிடித்துக்கொண்டே, "ஆகட்டுங்க" என்றான்.

அதற்குப் பிறகு அது ஊர்கூடிக் கொண்டாடுகிற ஒரு நோம்பி மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை வாசலில் குழந்தைவேலுவுக்கென்று ஒரு மணைப் பலகை, கழுத்துக்கு ஒரு ரோஜா மாலை, செப்புக் குடத்தில் மஞ்சள் தண்ணி. திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பனியன் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள், குழந்தைகளை முன்னால் நிறுத்திக்கொள்வார்கள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தண்ணி விழும், குழந்தைவேலு உதறுவான், உள்ளே பொரிகிற சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அவனைத் தாண்டி உள்ளே போவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு உள்ளங்கை சதை போயிற்று, ஒரு தடவை புஜத்தில், ஒரு தடவை கெண்டைக்காலில், ஒரு தடவை கன்னத்தில். கன்னம் போனபோதுதான் ஜனங்களுக்குக் கண்ணில் பட்டது.

சும்மா சொல்லக்கூடாது, ஈவு இரக்கம் இல்லாத ஜனங்கள் இல்லை. "ரொம்ப எளச்சுட்டீங்க, நல்லாச் சாப்புடோணுங்க" என்று சொல்லாதவர் இல்லை. அவரவர் மேஜையிலிருந்து ஆளுக்கொரு கம்பிக் கறியைக் கொண்டுவந்து அவன் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், தொட மாட்டான், ஆறிப்போன பிறகு நாய்களுக்குப் போகும். டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சத்துப் போதவில்லை என்று ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார், அந்த டாக்டருக்குக் கடையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்றாவது மேஜை. சாப்பாட்டுக் கடைகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருவர் ஒரு வாரம் வந்தார், அவரும் ருசி பார்த்தார், கறியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே போனார். அந்தக் கறி எதனால் இவ்வளவு இளசாக இருக்கிறது என்று மேஜைகளில் பேச்சு வரும், வந்தால் யாராவது ஒருத்தர், "அவரா வந்து நிக்கறாரு, அவராத் துளுக்கறாரு, யாரு அவரக் கையக் காலக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அது வாஸ்தவமான பேச்சுதான், அதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டார்கள், அவன் ஆகட்டுங்க என்றான்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் துளுக்கு விளையாட்டு என்று ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒரு பிள்ளை குனிந்து நிற்கும், இன்னொன்று தண்ணி பாட்டிலைக் கவிழ்க்கும், குனிந்தது உதறும், மற்றதெல்லாம் 'வெந்துருச்சு வெந்துருச்சு' என்று கத்திக்கொண்டு ஓடும். அந்த விளையாட்டில் வருணிகாதான் ராணி. எங்கப்பாதான் நெசமாத் துளுக்குவாரு என்று சொல்லிச் சொல்லி அவள் தலை கனத்துப்போயிருந்தது.

ஒரு நாள் அவள் களத்தில் ஓடி வந்து, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குழந்தைவேலு குனிந்து அவள் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினான். தூக்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் தூக்கினான், முழங்கை வரைக்கும் வந்தாள், அங்கே நழுவவிட்டான், அவள் கொப்பரையின் மேல் உட்கார்ந்தபடி விழுந்தாள். அழவில்லை. "அப்பா, உங்க தோளு எங்கீங்க போச்சு?" என்று கேட்டாள். அவன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான், எலும்புதான் இருந்தது.

அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இந்த ஞாயிற்றுக்கிழமை துளுக்கக் கூடாது என்று முடிவு செய்தான். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவ்வளவுதானே என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம், அந்தச் சொல் அவன் வாயில் வராது, பழக்கம் இல்லை. உடம்பைக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்தான். வாரம் முழுக்கக் குளிக்கிற இடத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஃப்ரிட்ஜ் தண்ணியைப் பிடரியில் ஊற்றிக்கொண்டு, உதறாமல் இருக்கப் பழகினான். முதலில் பல்லைக் கடித்தான், பிறகு மூச்சை அடக்கினான், பிறகு அந்த ஆட்டை நினைத்துக்கொண்டான், தண்ணி சொட்டச் சொட்ட நின்று லாரிகளைப் பார்த்த ஆட்டை. அதை நினைத்துக்கொண்டதும் உடம்பு கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோடை உச்சி வெயில், கடை வாசலில் கார்கள் ரோடுவரைக்கும் நின்றன, உள்ளே ஒரு கல்யாணப் பேச்சுக்கு வந்த இரண்டு குடும்பங்கள் வேறு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாலை போட்டார்கள், பலகையில் நிறுத்தினார்கள், பிரகதீஷ் குடத்தைச் சாய்த்தார். குழந்தைவேலு எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணி விழுந்து, முதுகில் ஓடி, காலடியில் சொட்டி, மண்ணில் இறங்கியது. அவன் உதறவில்லை.

இன்னொரு குடம் ஊற்றினார்கள். மூன்றாவது குடம் ஐஸ். அவன் நின்றான். கடைக்குள்ளிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "வேகலீங்களே" என்றார்.

அப்போது ஊருக்குத் தெரிந்த வழியை ஊர் எடுத்தது. முதலில் பொள்ளாச்சி அம்மாள்தான் கையைக் கூப்பினாள். "என்ன குத்தம் இருந்தாலும் மன்னிச்சு உத்தரவு குடுங்க சாமி" என்றாள். பிரகதீஷ் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் காலடியில் விழுந்தார். "ஒரு நாளும் உங்கள ஒரு வார்த்த கேக்காமப் போனேங்க, உங்க பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியாதுங்க, மாப்பிள்ளைன்னே சொல்லிட்டு இருந்துட்டேங்க." டாக்டர் வந்தார், கைகட்டி நின்று, தனக்கு முதல் நாளே எல்லாம் புரிந்துவிட்டதாகவும் புரியாததுபோல இருந்துவிட்டதாகவும் சொன்னார். ஒவ்வொருத்தராக வந்து அவரவர் குற்றத்தைச் சொல்லிவிட்டுப் போய் நிழலில் நின்றுகொண்டார்கள். குழந்தைவேலு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நாச்சிமுத்து வந்தார். அந்த மனிதர் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. "மாப்ளே, நான் உங்கள ஒரு மனுசனா மதிக்கலைங்க. என்ற மகளுக்கு ஒரு தொணை வேணும், என்ற களத்துக்கு ஒரு ஆளு வேணும், ரெண்டும் ஒருத்தனே ஆச்சுன்னு நெனச்சேன். தப்புதானுங்க. உத்தரவு குடுங்க." குழந்தைவேலுவின் கண்ணில் தண்ணி வந்தது, உடம்பு அசையவில்லை.

கடைசியாகச் சுகந்தி வந்தாள். புடவைத் தலைப்பால் அவன் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். அப்படி அவள் துடைத்ததே இல்லை. "நான் உங்க கூட ஒரு நாளும் ஒரு தட்டுல சாப்பிடலீங்க" என்றாள், குரல் உடைந்தது. "கல்யாணத்துல அழுதது உங்களக் கட்டறமேன்னுதான். அப்பறம் உங்களப் புடிச்சுப் போச்சு. ஆனா அத வெளிய சொன்னா எங்கப்பன் முன்னால என்ற கௌரவம் கொறையும்னு சொல்லாமயே இருந்துட்டேன். மன்னிச்சு உத்தரவு குடுங்க, நீங்க நல்லா இருப்பீங்க." இந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவன் பிறந்ததே என்று அவனுக்கு இருந்தது. அவ்வளவும் கிடைத்துவிட்டது, கேட்டது கேட்காதது எல்லாம் கிடைத்துவிட்டது, எல்லாவற்றின் வாலிலும் உத்தரவு குடுங்க என்று ஒட்டியிருந்தது. அவன் அழுதுகொண்டே நின்றான், துளுக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களில் ஒரு குடும்பம் எழுந்து காரில் ஏறிப் போய்விட்டது. இன்னும் இரண்டு கார் கிளம்பியது. பிள்ளைகள் சோற்றுக்கு அழுதன. பிரகதீஷ் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைவேலுவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, பிறகு மெதுவாக, காலிலிருந்து மேலே ஏறி வருகிற மாதிரி, ஒரு சந்தோஷம் வந்தது. முடியும் போலிருக்கிறதே. இவ்வளவுதானா, நின்றால் போதுமா, இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தான். நாளைக்குக் காலையில் சோறு தின்ன வேண்டும், முட்டை தின்ன வேண்டும், தை மாதத்துக்குள் மகளைத் தூக்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தான்.

நாச்சிமுத்து துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கம்போல, சத்தம் போடாத குரலில், "பாப்பாவக் கூட்டியாங்க. அதே ரத்தந்தானே" என்றார்.

பலகை அருகே இன்னொரு பலகை போட்டார்கள். வருணிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஓடி வந்து ஏறி, ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிடரியைக் காட்டிக் குனிந்து நின்று, "ஐஸ் தண்ணி வேண்டாங், சாதாத் தண்ணி ஊத்துங்க" என்றாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எத்தனை நேரத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு. சுகந்தி ஒரு அடி முன்னால் வந்தாள், வந்து, அங்கேயே நின்றாள். பிரகதீஷ் குடத்தைத் தூக்கினார், விளிம்பில் தண்ணி வந்து தளும்பியது.

தண்ணி விழவில்லை. அதற்கு முன்னால் குழந்தைவேலு துளுக்கினான். குளிருக்கு உதறுகிற உதறல் இல்லை அது, உள்ளுக்குள்ளே குலையிலிருந்து கிளம்பியது, மாலை அறுந்து பூவெல்லாம் தெறிக்க, பல் கிட்டித்துக்கொள்ள, நிற்க முடியாமல் பலகையிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்து, விழுந்த இடத்திலும் துளுக்கிக்கொண்டே கிடந்தான். உள்ளே கறி பொரிகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. கிளம்பிப் போன கார்கள் வாசனை பிடித்துத் திரும்பி வந்தன.

"இதுக்குத்தானுங்க இத்தன நேரமா எங்களக் காய உட்டீங்க" என்று நாச்சிமுத்து அவனைத் தூக்கி உட்கார வைத்தார். குரலில் கோபம் இல்லை, கோபிக்கிற மனிதரில்லை அவர். அன்றைக்குச் சொன்ன குற்றங்களையெல்லாம் யாரும் அப்புறம் பேச்சில் எடுக்கவில்லை. சொன்னதோடு அது தீர்ந்தது, கிடாய் துளுக்கிவிட்டால் தீர்ந்துபோகும், அதுதான் வழக்கம்.

அதிலிருந்து தண்ணி தேவைப்படவில்லை. குடம் பித்தளைப் பாத்திரங்களோடு உள்ளே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்தி மகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, புதுக் கவுன் போட்டு, மல்லிகைச் சரம் வைத்து, "அப்பா பக்கத்துல போயி நில்லு கண்ணு, அது போதும்" என்று அனுப்புவாள். குழந்தைவேலுவை இப்போது இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைக்கிறார்கள், தூக்குவதற்கு ஒன்றும் கனமில்லை. வருணிகா வந்து அவன் மடிமேல் கையை ஊன்றி, ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு, "இன்னைக்காச்சும் நான் துளுக்கட்டுங்களா அப்பா?" என்று கேட்பாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே பொரிகிற சத்தம் வந்துவிடும். பெத்த பிள்ளை மேல என்ன பாசம் பாருங்க என்று பொள்ளாச்சி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மற்றவர்களும் ஆமாம் என்பார்கள், எல்லாரும் உள்ளே போய்ச் சாப்பிட உட்காருவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வருணிகா மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு தடவைகூட என்னைத் துளுக்க விட மாட்டேன் என்கிறார் என்று தாத்தனிடம் புகார் சொன்னாள். நாச்சிமுத்து ஜன்னல் வழியாக வாசல் நாற்காலியைப் பார்த்தார், அதில் உட்கார்ந்திருந்ததை ஒரு நோட்டம் அளந்தார். பிறகு கம்பியிலிருந்து எலும்பில்லாத துண்டாகப் பார்த்து உருவி, ஊதி ஆற்றி, பேத்தியின் தட்டில் வைத்தார்.

"அவசரப்படாத அம்மிணி, உனக்கும் வரும். மொதல்ல நல்லாச் சாப்புட்டு ஒடம்பு வெய்யி" என்றார்.